கன்னத்துப் பொட்டு

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஜனவரி மாதத்து வெயில் அளந்துதான் கிடைக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பதினொரு மணிக்கு ஒரு துண்டாக வந்து இறங்கும். மெல்ல நகர்ந்து மூன்று மணிக்கு எதிர்ச் சுவரில் ஏறிப் போய்விடும். நாங்கள் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம். மடியில் பட்டாணி இருக்கும். டில்லிக் குளிரில் பட்டாணி உரிக்காத வீடு கிடையாது. உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவதில் என்னை யாரும் அடிக்க முடியாது. எனக்கு வாய் நீளம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று மேல்வீட்டு ஆன்ட்டி தன் பேத்தியின் பிறந்தநாளுக்குப் போனில் கவுன் தேடிக்கொண்டிருந்தார். மீரட் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். எதைப் பார்த்தாலும் என்னிடம் காட்டியாக வேண்டும் அவருக்கு. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“அரே, இதைப் பாரு. இந்தப் பொண்ணு அப்படியே உன்னை உரிச்சு வச்ச மாதிரி இருக்கா” என்று இந்தியில் சொன்னார்.

சிவப்புக் கவுன் போட்டு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். ஒல்லி. இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். ‘என்னை மாதிரி இருந்தா அந்தக் கவுன் விக்கவே விக்காது ஆன்ட்டி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுடைய இடது காதைப் பார்த்துவிட்டேன். மடலின் மேல்நுனி உள்பக்கமாக மடிந்திருந்தது.

அப்படி ஒரு காதை எனக்குத் தெரியும். குளிப்பாட்டும்போதெல்லாம் எண்ணெய் தொட்டு நீவி நீவி நிமிர்த்தப் பார்த்த காது அது. கடைசிவரை நிமிரவில்லை.

நான் எழுந்தபோது பட்டாணியெல்லாம் தரையில் உருண்டது. “லிங்க் அனுப்புங்க ஆன்ட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன்.

லிங்க் வந்தது. பெரிய படத்துக்குக் கீழே சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வோர் அளவுக்கும் ஒன்று. ஒன்று முதல் இரண்டு வயதுவரை, இரண்டு முதல் மூன்று, மூன்று முதல் நான்கு, அப்படியே பன்னிரண்டு, பதின்மூன்று வரை போயிற்று. முதல் படத்தைத் தொட்டேன். அது நான் எடுத்த படம். சுற்றிலும் இருந்ததையெல்லாம் வெட்டி வெள்ளையாக்கியிருந்தார்கள். மஞ்சள் கவுனைச் சிவப்பாக்கியிருந்தார்கள். ஆனால் முகம் என் மகளுடையது. அவள் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல்கள் என்னுடையவை. ஒரு கையில் போனும் மறுகையில் பிள்ளையுமாக நின்று எடுத்த படம். அந்த விரல்களை வெட்டுவதற்கு அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

என் மகள் இறந்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவள் இருந்த காலத்தில் நாங்கள் டில்லியிலேயே முனிர்காவில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசில் கிளார்க் வேலை, குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைத்திருக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கையை நீட்டி எங்கள் வீட்டு உப்பை எடுத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். வெளிச்சம் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். அந்த மஞ்சள் கவுன்தான் நான் முதன்முதலில் நெட்டில் வாங்கிய துணி. அளவு எடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பிடித்திருக்கிறதா, பிள்ளைக்குப் போட்டு ஒரு படம் போடுங்கள் என்று அந்தக் கடையின் பக்கமே கேட்டது. கேட்டால் விடுவேனா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

போவதற்கு முன்னால் பொட்டு வைத்தேன். பொட்டு வைக்காமல் என் பிள்ளையை நான் படம் எடுத்ததே இல்லை. நெற்றியில் ஒன்று அழகுக்கு, கன்னத்தில் ஒன்று கண்ணுக்கு. அன்றைக்குக் கன்னத்துப் பொட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன், ஊர் உலகமெல்லாம் பார்க்கப் போகிறதே என்று. கண் படவும் கூடாது, எல்லோரும் பார்க்கவும் வேண்டும். என் புத்தி அப்படி.

படத்தைப் போட்டு ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். முன்பின் தெரியாத யாரோ கீழே ‘அழகுக் குழந்தை’ என்று எழுதியிருந்தார்கள். அதை அவரிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது. மழை ஓய்ந்த சமயம், அந்தச் சந்து முழுக்கக் கொசு, வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அவள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். திரும்பி வரும்போது இரண்டு பேர்தான் வந்தோம். அவளுக்கு வயது ஒன்றரை. இதற்குமேல் அதை எழுத எனக்கு வராது.

ஊரிலிருந்து நாத்தனார் போன் செய்து அழுதாள். அழுகைக்கு நடுவே, “நெட்டுல படத்தப் போட்டியே, எத்தன கண்ணு பட்டுச்சோ” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். நான் படித்தவள். கொசு கடித்து வந்த காய்ச்சல் என்று தெரியும், ரத்தத்தில் எது எவ்வளவு குறைந்தது என்று ஒன்பது நாளும் தாளில் பார்த்தவள். ஆனாலும் அந்த வாக்கியம் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நின்றுவிட்டது. அன்றைக்கே அந்தப் படத்தை அந்தப் பக்கத்திலிருந்து அழித்தேன். போனில் இருந்ததையெல்லாம் அவர் ஒரு பென்டிரைவில் மாற்றி பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டினார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு மாலை போட்டுப் படம் மாட்டும் வழக்கம் கிடையாது. அதனால் ஏழு வருஷமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நினைவில் அது மங்கிக்கொண்டே வந்தது. காது மட்டும்தான் துல்லியமாக மிஞ்சியிருந்தது.

நான் அழிப்பதற்கு முன்பே யாரோ எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்கள் என்பது இந்த ஜனவரியில்தான் தெரிந்தது.

அவர் அன்று சாயங்காலம் வந்ததும் போனைக் கையில் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார். பிறகு போனை மேஜைமேல் குப்புற வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீஸில் கம்ப்யூட்டர் செக்‌ஷன்காரரிடம் விசாரித்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் விற்கிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து படம் எடுப்பதில்லையாம். நெட்டில் கிடக்கிற ஏதாவது ஒரு குழந்தைப் படம் போதுமாம். அதை மெஷினில் போட்டால் இரண்டு வயது, ஐந்து வயது, பன்னிரண்டு வயது என்று கேட்ட வயதுக்கெல்லாம் அதுவே வளர்த்துக் கொடுக்குமாம்.

அப்போதுதான் எனக்கு அந்த மச்சம் விளங்கியது. என் மகளுக்கு மச்சமே கிடையாது. நான் கண்மையில் வைத்த பொட்டு அது. மெஷினுக்குத் திருஷ்டியும் தெரியாது, பொட்டும் தெரியாது. நெற்றிப் பொட்டைத் துடைத்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள். மெஷின் பிறவி மச்சம் என்று நினைத்து, முகத்தோடு சேர்த்து அதையும் வளர்த்திருந்தது. மூன்று வயதில் அது இருந்தது, ஐந்தில் இருந்தது, எட்டில் கொஞ்சம் பெரிதாக அதே இடத்தில் இருந்தது. என் விரல்களையும் அது விடவில்லை. இடுப்பில் கட்டிய ரிப்பன் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயதிலும் இரண்டு முனைகளாகத் தொங்கவிட்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ரிப்பன் முனையில் நகம் தெரிந்தது.

“கம்ப்ளெய்ன்ட் எழுதிப் போட்டிரலாம்” என்றார் அவர். பெட்டிஷன் எழுதுவதில் அவர் ஆபீஸிலேயே பேர்போனவர்.

“கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

“ஏளா, அது நம்ம பிள்ள இல்ல. மெஷின் போட்ட படம்.”

“காதப் பாத்தியளா?”

“பாத்தேன்.”

“பெறவென்ன?”

 நான் வேண்டுமென்றே அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

அதன்பின் அது என் தினசரி வேலையாகிவிட்டது. அவர் ஒன்பதரைக்குக் கிளம்பியதும் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். நான் பார்க்காமல் போன வருஷங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மூன்று வயதில் கன்னம் உப்பியிருந்தது. ஐந்தில் முடி தோள்வரை வந்துவிட்டது. ஆறில் முன்பல் இரண்டும் இல்லை. பல் விழுவதைக்கூட அது மறக்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். எட்டில் நிறுத்திக்கொள்வேன். இருந்திருந்தால் அவளுக்கு இப்போது எட்டு. அதற்குமேல் பார்ப்பது சரியில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மார்ச்சில் பிறந்தநாள் வரும், அன்றைக்கு அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம். எதிர்பார்த்துக் காத்திருக்க எனக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

படத்துக்குக் கீழே ஒரு வரி மினுங்கும். ‘இப்போது பதினாறு பேர் பார்க்கிறார்கள்.’ கொஞ்ச நேரம் கழித்து ஒன்பது என்று மாறும். அத்தனை கண் அவள்மேல் என்று தோன்றும். உடனே மச்சத்தைப் பார்த்துக்கொள்வேன். அது இருக்கிறதே, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தேற்றிக்கொள்வேன். மத்தியானத்தில் சில நாள் ‘ஒருவர் பார்க்கிறார்’ என்று காட்டும். அந்த ஒருவர் நான்தான். அப்போதுதான் மூச்சு சீராக வரும். பிப்ரவரியில், மதியம் ஒன்றரை மணிக்கெல்லாம் அது தினமும் இரண்டு என்று காட்டத் தொடங்கியது. யார் அந்த இன்னொருவர் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். துணிக்கடை வரிசையில் நடந்துகொண்டிருந்தபோது யாரோ என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. நிமிர்ந்தேன். ஒரு கடை வாசலில் கம்பியில் பிளாஸ்டிக் கவர்களைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே சிவப்புக் கவுன். ஒவ்வொரு கவரிலும் ஒட்டியிருந்த அட்டையில் அவள் முகம். பத்துப் பன்னிரண்டு கவர் இருக்கும். காற்றில் எல்லாக் கவரும் மெல்லத் திரும்பின, பிறகு எல்லாம் ஒன்றாக என் பக்கம் திரும்பி நின்றன.

“பாய்சாப், அது வேணும்” என்றேன்.

“எத்தனை வயசுப் பிள்ளைக்கு?” என்று இந்தியில் கேட்டார் கடைக்காரர்.

“எட்டு.”

அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் விடவில்லை. எட்டிலும் உயரம் குட்டை இருக்கும், எவ்வளவு உயரம் என்று கையால் காட்டுங்கள் என்றார். நான் கையை நீட்டினேன். இடுப்புவரை கொண்டுபோனேன். அங்கிருந்து மார்புக்கு ஏற்றினேன். எங்கே நிறுத்துவதென்று கைக்குத் தெரியவில்லை. மறுபடி கொஞ்சம் இறக்கினேன்.

“அவ்வளவுதானா? அப்ப ஏழு போதும் பஹன்ஜி.”

“என் பிள்ளை உயரம் எனக்குத் தெரியாதா? எட்டுன்னா எட்டுதான்!” என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எட்டாம் அளவை எடுத்துக் கொடுத்தார். காய்கறி வாங்காமலேயே வீட்டுக்கு வந்தேன். கவரைப் பிரிக்க மனம் வரவில்லை. அவர் சாயங்காலம் வந்து அதைப் பார்த்தார், எடுத்து பீரோவில் என் சேலைகளுக்கு மேல் வைத்தார். 

மார்ச்சில் அவள் பிறந்தநாள் வந்தது. அவர் ஆபீஸ் போனதும் குளித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நேரே ஒன்பதாம் வயதுக்குத் தள்ளினேன்.

அங்கே ஒரு பெண் நின்றாள். சிவந்த நிறம், பளபளவென்ற முகம். கவுனும் அதேதான், சிரிப்பும் அதேதான். கன்னத்தில் ஒன்றுமில்லை.

வேறு பக்கத்தைத் திறந்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. எட்டுக்குப் போனேன். அங்கேயும் இல்லை. ஆறில், ஐந்தில், மூன்றில் எங்குமே இல்லை. முந்தின நாள்கூட இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ எல்லாப் படத்தையும் துடைத்துச் சுத்தம் செய்திருந்தார்கள். மச்சம் விற்பனைக்கு இடைஞ்சல் என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் முதல் படத்துக்கு வந்தேன். நான் எடுத்த படம். ஒன்றரை வயது. என் விரலால் நான் வைத்த பொட்டையும் வழித்து எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் கன்னம் வழவழவென்று வெறுமையாக இருந்தது.

கீழே அந்த வரி மினுங்கியது. ‘இப்போது இருபத்திரண்டு பேர் பார்க்கிறார்கள்.’

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அவளைத் திருடினார்கள், பொறுத்தேன். வளர்த்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். பொட்டில்லாமல் என் பிள்ளையைச் சந்தையில் நிறுத்த இவர்கள் யார்? இருபத்திரண்டு பேர், நாற்பத்து நான்கு கண். அவருக்குப் போன் செய்தேன். “வாங்க. வந்து எழுதுங்க” என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். அவர் தன் போனைத் திறந்தார். நான் லிங்க் அனுப்பத் தேவையே இருக்கவில்லை, அவர் போனில் அந்தப் பக்கம் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்றில் நின்றிருந்தது. எனக்கு நான் போட்டுக்கொண்ட சட்டம் அவருக்குத் தெரியாது. அவள் பெரியவளாகும் வயதுவரை போய்ப் பார்த்திருக்கிறார் மனிதர். மதியச் சாப்பாட்டு நேரத்து இன்னொருவர் யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர் சட்டென்று படத்தைத் தள்ளிவிட்டுப் படிவத்தைத் திறந்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டது. படத்தில் இருப்பது நீங்களா? இல்லை. உங்களுக்கு என்ன உறவு? மகள். பதினெட்டு வயதுக்குக் கீழா? ஆம். அடுத்த பெட்டியில் அவர் கை நின்றுவிட்டது. பிள்ளையின் தற்போதைய வயது என்ன என்று கேட்டிருந்தது.

“ஒம்பதுன்னு போட்டுரவா?” என்றார். கெஞ்சுவதுபோல இருந்தது. எனக்கும் ஆசைதான். இன்றைக்குத்தான் ஒன்பது. ஒரு பெட்டியிலாவது அவளுக்கு ஒன்பது ஆகட்டுமே.

“ஒண்ணர” என்றேன்.

பெட்டி அரையை ஏற்கவில்லை, முழு எண்தான் வேண்டுமாம். ஒன்று என்று போட்டார். சான்றிதழ் கேட்டது. பீரோவைத் திறந்து பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன், அதோடு பின் செய்திருந்த இன்னொன்றையும் கொடுத்தேன். இரண்டையும் படம் பிடித்து ஏற்றிவிட்டு அனுப்பினார். அப்புறம் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏழு வருஷத்தில் நான் பார்க்க அவர் அழுதது அன்றைக்குத்தான்.

ஏழு வேலை நாளில் முடிவு சொல்வதாகப் பதில் வந்தது. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்தால் பத்து நாளைக்குக் குறையாது. பத்து நாளும் அவள் வெறுங்கன்னத்தோடு அங்கே நிற்க வேண்டும்.

நான் எழுந்து பீரோவின் அடித்தட்டைத் துழாவினேன். கண்மை டப்பா இருந்தது. மை காய்ந்து வெடித்திருந்தது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தேன். அவர் போனைப் பிடித்துக்கொண்டார். முதல் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன்.

“கொஞ்சம் பெருசாவே வையி” என்றார்.

மோதிர விரலால் தொட்டு, போன் கண்ணாடியில், அவள் இடது கன்னத்தில் வைத்தேன். விரல் பட்டதும் படம் சரசரவென்று நகர்ந்தது. அவள் போய்விட்டாள். வேறு யாரோ விற்கும் பச்சைச் சட்டையில் வேறொரு குழந்தை வந்து நின்றது. ஒரு வயதுகூட நிரம்பியிருக்காது, யார் பெற்ற பிள்ளையோ. மை மட்டும் கண்ணாடியில் வைத்த இடத்திலேயே இருந்தது, அந்தப் பிள்ளையின் கன்னத்தில்.

அவர் துடைப்பதற்குத் துண்டை எடுத்தார்.

“இருக்கட்டும்” என்றேன்.